நாய்க்கு முதலில் நாள் பாருங்கள்: சேலத்திலிருந்து பெர்லினுக்குக் குடும்பத்தோடு குடிபெயர ஒரு முழு வழிகாட்டி

வேலை உறுதியான கடிதம் வந்த அன்று மாலையே என் கணவர் ஐந்து ரோட்டுக்குப் போய் நான்கு பெரிய பெட்டிகளை வாங்கி வந்துவிட்டார். அந்தப் பெட்டிகள் அடுத்த ஏழு மாதம் பரணில் தூசி தின்றன. எங்கள் நால்வரின் விசாவும் பத்து வாரத்தில் வந்துவிட்டது. காத்திருக்க வைத்தவர்கள் செம்பியும் மணியும்தான். செம்பி அஸ்தம்பட்டியில் எங்கள் தெருமுனையில் பிறந்த நாட்டு நாய், நான்கு வயது. மணி ஒன்பது வயது லாப்ரடார், மூட்டுவலிக்காரன். மனிதர்களுக்குத் தேவையான காகிதங்களைக் காசையும் அலைச்சலையும் செலவழித்து விரைவுபடுத்தலாம். நாயின் ரத்தத்துக்கு விதித்த காத்திருப்பை எந்தக் காசாலும் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. அதனால் பயண நாளைக் குறிப்பது நாய்தான். வீட்டார் அதற்குப் பின்னால்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இங்கே சொல்வது ஜெர்மனிக்கான நடைமுறை. நாய் தொடர்பான விதிகள் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஏறக்குறைய இவைதான். மற்ற நாடுகளின் கதை வேறு. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நாயை நேரடியாக ஏற்பதில்லை. பிரிட்டனுக்குள் விமானத்தில் கொண்டுபோவதென்றால் நாயைச் சரக்காகத்தான் அனுப்ப முடியும். போகும் நாடு எதுவென்று முடிவாகும் முன் நாய்க்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

முதலில் ஒரு கேள்வி: நாய் வரத்தான் வேண்டுமா?

எங்களிடம் மூன்றாவதாக ஒரு கிழவன் இருந்தான். பதின்மூன்று வயது, இதயம் பலவீனம். அவனை அத்தையோடு விட்டுவிட்டு வந்தோம். "அவன் எனக்குத் துணை, எனக்கு அவன் துணை. நீங்கள் போய் வாருங்கள்" என்றார் அத்தை. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் அந்த முடிவு சரிதான். நோயுள்ள நாய், மிகவும் வயதான நாய், பக் போலச் சப்பை மூக்குள்ள நாய் ஆகியவற்றுக்கு விமானப் பயணம் உண்மையிலேயே ஆபத்தானது. சப்பை மூக்கு இனங்களை ஏற்க மறுக்கும் விமான நிறுவனங்களும் உண்டு. பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கு இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குக் கொண்டுவரவே தடை இருக்கிறது.

படி 1: சிப், ஊசி, ரத்தம் என்ற வரிசை

இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண். முதலில் மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள அதை நாயின் கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் செலுத்துவார்கள். 15 இலக்க எண் கொண்ட, ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு உட்பட்ட சிப்பாக இருக்க வேண்டும். சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் தடுப்பூசி மட்டுமே கணக்கில் சேரும். எங்கள் இரண்டு நாய்களுக்கும் ஆண்டு தவறாமல் ஊசி போட்டிருந்தோம், சிப்தான் இல்லை. அதனால் பழைய ஊசிப் புத்தகம் மொத்தமும் செல்லாக்காசாகிவிட்டது. சிப் போட்டு, மறுபடியும் ஊசி போட்டோம்.

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரேபிஸ் விஷயத்தில் நம்பலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் இங்கிருந்து போகும் நாய்களுக்கு ஒன்றியம் இந்த ரேபிஸ் எதிர்ப்புச் சக்திப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஊரில் இதை டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் நாய் ஐரோப்பிய மண்ணை மிதிக்கலாம். மூன்று மாதக் கணக்கு ரத்தம் எடுத்த தேதியிலிருந்து ஓடுகிறது, முடிவு வந்த தேதியிலிருந்து அல்ல. இதை மாற்றிப் புரிந்துகொண்டு வீணாக ஒரு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். மார்ச் 3 அன்று சிப்பும் ஊசியும். ஏப்ரல் 5 அன்று ரத்தம். ஜூலை 5க்கு முன் பயணம் இல்லை. குட்டியாக இருந்தால் இன்னும் நீளும். 12 வாரம் முடிந்த பிறகே ரேபிஸ் ஊசி போட முடியும். அதன் மேல் 30 நாள், அதன் மேல் மூன்று மாதம். ஏறக்குறைய ஏழு மாதம் நிறையாத குட்டியை அழைத்துப்போக வழியே இல்லை.

எங்களுக்கு நேர்ந்த சங்கடத்தையும் கேளுங்கள். செம்பியின் கழுத்தில் ஸ்கேனரை வைத்ததும் சின்னத் திரையில் 15 எண்களும் வந்தன. உதவியாளர் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் படிவத்தில் எழுதினார். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். "ஏழு" என்றது எழுதியவர் காதில் "எட்டு" என்று விழுந்துவிட்டது. ஆய்வக அறிக்கை தவறான எண்ணோடு வந்து சேர்ந்தது. ஓர் இலக்கம் மாறினால் காகிதத்தில் அது வேறு நாய். திருத்திய அறிக்கை வாங்க மூன்று வாரம் மின்னஞ்சலோடு மல்லுக்கட்டினேன். சிப்போடு வரும் பட்டைக்கோட்டு ஸ்டிக்கரை ஊசிப் புத்தகத்திலும் ரத்தப் படிவத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். எண்ணைக் கையால் எழுதத்தான் வேண்டுமென்றால், எழுதியதை நீங்களே ஸ்கேனர் திரையோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

டைட்டர் தேர்ச்சிக்குப் பிறகு அடுத்த ரேபிஸ் ஊசியை ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள். தவறாத வரை அந்தப் பரிசோதனை ஆயுளுக்கும் செல்லும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் அன்றே உண்ணிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் பரிசோதிப்பது நல்லது. அதை உண்டாக்கும் எர்லிச்சியாக் கிருமி நம் ஊரில் சாதாரணம்; அங்குள்ள மருத்துவர்கள் அதை அடிக்கடி பார்ப்பதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சேலத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான். உண்ணியை இங்கேயே முழுவதும் ஒழித்துவிடுங்கள். நம் ஊர்ப் பழுப்பு உண்ணி சூடேற்றிய வீட்டுக்குள் குளிர்காலம் முழுக்கப் பெருகும். நாயின் போர்வையில் ஒன்று தப்பிப் போனாலும் போதும், பெர்லின் வீட்டுச் சுவரில் ஏறும்.

படி 2: யார் பெயரில் நாய்?

இதை யாரும் சொல்வதில்லை. உரிமையாளரின் பயணமும் நாயின் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் இருந்தால்தான் அது சொந்தச் செல்லப்பிராணிப் பயணம். இல்லாவிட்டால் வணிக இறக்குமதியாகி விதிகள் கடுமையாகிவிடும். எங்கள் ஊசிப் புத்தகங்கள் கணவர் பெயரில் இருந்தன. அவரோ மே மாதமே வேலைக்குப் போய்விட்டார். நல்லவேளையாக ரத்தம் எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றிவிட்டோம். நாயோடு விமானம் ஏறப்போவது யாரோ, அவர் பெயரில் காகிதங்கள் இருக்கட்டும்.

படி 3: கூண்டு

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா கூண்டுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஓர் அளவு. தரையிலிருந்து முன்னங்கால் முழங்கைவரை இன்னோர் அளவு. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் உள்நீளம். தோள் அகலத்தின் இருமடங்கு உள்ளகலம். நின்ற நிலையில் தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதனோடு விரிப்பின் தடிமனைக் கூட்டினால் உள்ளுயரம்.

செம்பிக்கு நீளம் 70 செ.மீ., முழங்கை 24, தோள் 17. ஆக 82க்கு 34. உயரத்தில்தான் ஏமாந்தேன். அளவெடுக்கும்போது அவள் பயத்தில் காதை மடித்துக்கொண்டாள். 56 என்று குறித்தேன். கூண்டு வந்த பிறகு, வாசலில் மீன்காரர் மணியடித்ததும் இரண்டு காதும் விறைத்து நின்றன: 61. வந்த கூண்டைத் திருப்பி அனுப்பினோம். நிமிர்ந்த காதுள்ள நாயை அதற்குப் பிடித்த சத்தம் கேட்கும் நேரத்தில் அளவெடுங்கள்.

கூண்டைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கூடத்தில் வையுங்கள். முதல் வாரம் கதவைக் கழற்றிவிட்டுச் சோற்றுத் தட்டை உள்ளே வைக்க வேண்டும். பிறகு கதவை மாட்டிப் பத்து நிமிடம், ஒரு மணி நேரம், ஓர் இரவு எனக் கூட்டிக்கொண்டே போகலாம். உள்ளே விரிக்க அத்தையின் பழைய சுங்குடிச் சேலையைத் துவைக்காமல் போட்டோம். அந்தச் சேலை இன்றும் பெர்லினில் மணியின் படுக்கை. தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. மயக்கத்தில் ரத்த அழுத்தம் குறையும். ஆகாயத்தில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மயக்கிய நாயை விமான நிறுவனங்கள் ஏற்பதும் அரிது.

வாய்க்கூட்டையும் இப்போதே பழக்குங்கள். ஜெர்மன் ரயில்களில் பெரிய நாய்க்கு டிக்கெட்டும் கயிறும் வாய்க்கூடும் வேண்டும். உள்பக்கம் தயிர் தடவிக் கொடுத்தால் நாய் தானே மூக்கை நுழைக்கும்.

படி 4: ஏற்காடு ஒத்திகை

சேலத்தில் விமான நிலையம் இருந்தாலும் அங்கிருந்து கிளம்புவது உள்நாட்டுச் சிறு விமானம். பெரிய கூண்டோடு வெளிநாடு போக வேண்டுமென்றால் சென்னை அல்லது பெங்களூருக்குக் காரில் போயே ஆக வேண்டும். வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு ஏறக்குறைய 340 கி.மீ. அதுவரை பக்கத்துத் தெரு மருத்துவமனையைத் தாண்டிக் காரில் போகாத நாய் என்ன செய்யும்?

அதற்கு நமக்கு வாய்த்த பயிற்சிக்கூடம் ஏற்காட்டுச் சாலைதான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் ஞாயிறு ஏழாவது வளைவில் செம்பி வாந்தியெடுத்தாள். அடுத்த வாரம் ஐந்து மணி நேரம் முன்னதாகவே சோற்றை நிறுத்தி, கூண்டுக்குள் வைத்து, விடியற்காலையில் ஏறினோம். பதினான்காவது வளைவுவரை தாங்கினாள். ஐந்தாவது ஞாயிறு ஏரிக்கரையில் காரை நிறுத்தியபோது தூங்கிக்கொண்டிருந்தாள். இருபது வளைவைத் தூங்கிக்கொண்டே கடக்கும் நாய்க்கு உளுந்தூர்பேட்டைச் சாலை தாலாட்டு.

ஏற்காட்டுக் குளிருக்குப் பழகிவிட்டால் ஜெர்மனிக் குளிரும் பழகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏற்காட்டின் மார்கழி பெர்லின் குளிர்காலத்துக்குக் கிட்டவே வராது.

படி 5: வீடு

முதல் மூன்று மாதத்துக்குத் தளபாடங்களோடு கூடிய தற்காலிக வீடு எடுப்பது வழக்கம். இரண்டு கேள்விகளை எழுத்திலேயே கேட்டுவிடுங்கள்: நாய்களுக்கு அனுமதி உண்டா? அந்த முகவரியில் அரசுப் பதிவு செய்ய உரிமையாளர் சான்று தருவாரா? இரண்டில் ஒன்றுக்கு "பார்க்கலாம்" என்று பதில் வந்தாலும் விலகிவிடுங்கள்.

நாய், பூனை கூடவே கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் பொதுவாகப் போடும் தடை செல்லாது என ஜெர்மனியின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக இஷ்டம்போல் நாயை ஏற்றிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. உரிமையாளர் ஒவ்வொரு வீட்டின் சூழலையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும் என்றுதான் பொருள். சட்டம் பேசி வீடு பிடித்தவர் யாருமில்லை. நான் நாய்களுக்குத் தனியாக ஒரு பக்கச் சுயவிவரம் தயாரித்தேன்: புகைப்படம், வயது, எடை, ஊசி விவரம், கருத்தடை செய்தது, பொறுப்புக் காப்பீடு (நாய் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கானது) எடுக்கப்போவது. என் கணவரின் சம்பளச் சீட்டைவிட அந்தத் தாளைத்தான் வீட்டு உரிமையாளர் அதிக நேரம் படித்தார்.

முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. சமையலறை உள்ள வீடா என்றும் கேளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லாமல் நான்கு சுவரை மட்டும் காட்டி இதுதான் சமையலறை என்பார்கள். வயதான நாய் இருந்தால் தரைத்தளம் அல்லது லிஃப்ட். மணிக்காகவே அழகான மூன்றாம் மாடி வீடொன்றை விட்டோம்.

படி 6: கடைசிப் பத்து நாள்

அரசு கால்நடை அதிகாரி தரும் சுகாதாரச் சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தடுப்புக்காப்பு நிலையம். நாயை நேரில் காட்ட வேண்டும். சிப், ஊசி, டைட்டர் அறிக்கை, மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட் ஆகிய அனைத்தின் அசலும் இரண்டு நகலும் கையில் இருக்கட்டும். இது வணிகப் பயணம் அல்ல என்று நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியும் சான்றிதழோடு சேரும். நாங்கள் நான்கு நாள் முன்பே தாம்பரத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். சேலத்திலிருந்து காலையில் கிளம்பி, சான்று வாங்கி, இரவே விமானம் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. நாயோடு போகிறவர்கள் இடையில் விமானம் மாறும் மலிவு டிக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் ஏற்ற மறுக்கலாம்; ஏற்றினாலும் அனுப்பாதீர்கள். நாங்கள் ஆகஸ்ட் கடைசியில் போனோம். கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீரை உறையவைத்தால் ஏற்றும்போது சிந்தாது. கொஞ்சம் கொஞ்சமாக உருகிக் குடிக்கக் கிடைக்கும்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரக் கூடாது. நெய் போயிற்று. நாயின் கோழி பிஸ்கட்டும் போயிற்று. சான்றிதழ் இல்லாமல் மாம்பழமும் கறிவேப்பிலையும் ஆகாது. சேலத்துக்காரருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? ஆனால் மீன் பொருள்கள் 20 கிலோவரை தாராளம். நெய்யைப் பறித்துக்கொண்டு கருவாட்டை வாழ்த்தி வழியனுப்பும் சட்டம் அது. தட்டுவடைக்கு எந்தத் தடையும் இல்லை.

படி 7: இறங்கிய நாள்

விமான நிலையச் சுங்கத்தில், அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நாயோடு வந்தவர்கள் போகக் கூடாது. சிவப்பு வழியில் சுங்க அதிகாரியிடம் காகிதங்களைக் காட்ட வேண்டும். சிப்பை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது.

கூண்டைத் திறக்கும் கணம்தான் பயணத்திலேயே ஆபத்தானது. மிரண்ட நாய் கழுத்துப்பட்டையிலிருந்து பின்வாக்கில் உருவிக்கொண்டு ஓடிவிடும். புது நாட்டில் அதற்கு வீடு என்று எதுவும் இன்னும் இல்லை. இடுப்போடு சேர்த்து மூன்று பட்டை உள்ள ஹார்னஸ் போட்டு, அதில் ஒரு கயிறும் கழுத்தில் இன்னொரு கயிறுமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடிய காருக்குள் போன பிறகே கூண்டைத் திறக்க வேண்டும். இந்த இரட்டைக் கயிறு முதல் இரண்டு மாதம் வேண்டும். அன்றிரவே டாஸோ என்ற இலவசப் பதிவேட்டில் சிப் எண்ணையும் ஜெர்மன் கைபேசி எண்ணையும் ஏற்றிவிடுங்கள். சிப் மட்டும் இருந்து பதிவு இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு அது வெறும் எண்.

படி 8: முதல் மாதத்துக் காகிதங்கள்

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங். பெர்லினில் அதற்கு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. சேலத்தில் இருக்கும்போதே இணையத்தில் முயலுங்கள். அந்தத் தாள் வந்தால் வரி எண், வங்கிக் கணக்கு, பள்ளி எல்லாம் வரிசையாக வரும். வருமானமில்லாத துணையும் பிள்ளைகளும் அரசு மருத்துவக் காப்பீட்டில் தனிச் சந்தா இல்லாமல் சேரலாம். ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்குப் பெர்லின் பள்ளிகளில் வரவேற்பு வகுப்பு உண்டு. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று நினைத்து அதைக் கிழித்தெறிந்தோம். அது மோசடி அல்ல.

நாய்க்கு வரி உண்டு. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 180. "தெருவில் பிறந்தவளுக்கு வரியா?" என்று அத்தை தொலைபேசியில் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. பெர்லினில் நாய்ப் பொறுப்புக் காப்பீடும் நகர நாய்ப் பதிவேட்டில் சேர்ப்பதும் கட்டாயம். மருத்துவர் கட்டணத்தை நாடு முழுவதற்குமான அரசாணை வரையறுக்கிறது. 2022 நவம்பரில் அது உயர்ந்தது. சேலத்துக் கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளூர் மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட்டையும் வாங்கி, டைட்டர் முடிவை அதில் ஏற்றச் சொல்லுங்கள்.

படி 9: பழகுவது

முதல் நாள் செம்பி 26 மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை. காலி மனையின் செம்மண்ணில் வளர்ந்தவள். கல் பாவிய நடைபாதையில் இழுத்த இழுப்புக்கு வந்தாள், முகர்ந்தாள், என்னைப் பார்த்தாள். அரைமணிக்கு ஒரு தரம் இறங்கினோம். மறுநாள் மாலை தெருக்கோடியில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஏறிய அடுத்த நொடி காரியம் முடிந்தது. இந்தத் தொல்லைக்குப் பயந்தால் ஊரிலிருந்தே "ஒண்ணுக்கு" போன்ற ஒரே சொல்லைப் பழக்கி, சிமெண்ட் தரையிலும் போக வைத்துக் கூட்டி வாருங்கள்.

முதல் வாரம் விருந்தாளி வேண்டாம், ஊர் சுற்றல் வேண்டாம். ஒரே தெரு, ஒரே திசை, ஒரே நேரம். உணவை உடனே மாற்றாதீர்கள்; சோறும் கோழியும் அங்கேயும் கிடைக்கும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். எங்கள் மகனுக்கும் அந்த ஒரே தெருதான் உதவியது. வாய் திறக்க மறுத்த பிள்ளை ஜெர்மனில் சொன்ன முதல் வாக்கியம், செம்பியைத் தடவ வந்த சிறுமியிடம், "இவள் பயப்படுவாள்."

இரவு 10 முதல் காலை 6வரையிலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. செம்பியோ ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் குரைப்பாள். மேலும் கீழும் உள்ள வீடுகளின் கதவைத் தட்டி, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டோடு ஒரு பொட்டலம் தட்டுவடையும் கொடுத்தேன். கீழ்வீட்டுப் பெரியம்மா அன்று தலையை மட்டும் அசைத்தார். இரண்டு வாரம் கழித்து, நாய் குரைக்கிறது என்று புகார் சொல்லத்தான் அழைத்தார். ஆனால் என்னிடம் சொன்னார், அதிகாரிகளிடம் அல்ல.

படி 10: குளிர்காலமும் டிசம்பர் 31ம்

நாட்டு நாய்க்கு ரோமம் குட்டை, சட்டை வேண்டும். பனி நாள்களில் நடைபாதையில் கூரான சிறுகற்களைத் தூவுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைப் பாருங்கள்.

ஜெர்மனியில் பட்டாசு ஆண்டுக் கடைசி நாள்களில்தான் விற்பனைக்கு வரும். ஆனால் டிசம்பர் 31 இரவு நம் தீபாவளி முழுவதையும் ஆறு மணி நேரத்தில் சுருட்டியதுபோல் வெடிக்கும். சேலத்து ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலம் போகும் இரவுகளில் கட்டிலுக்கடியில் கிடந்தவள் செம்பி. அதே வைத்தியத்தைச் செய்தோம்: மாலை நான்கு மணிக்கே நடையை முடித்து, ஜன்னல் திரைகளை இறக்கி, கூண்டின் கதவைக் கழற்றிக் குளியலறையில் வைத்து, மின்விசிறியை ஓடவிட்டோம். மணிக்குக் காது மந்தம், வழக்கம்போல் தூங்கினான். செம்பி இரவு ஒன்றரை மணிவரை சேலையில் முகம் புதைத்துக் கிடந்தாள். ஜனவரி 1 காலை நடக்கப் போகும்போதும் இரட்டைக் கயிறு போடுங்கள். மிச்சப் பட்டாசைக் கொளுத்தும் பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள்.